கடல் அனுப்பும் குளிரும் கலிஃபோர்னியத் திராட்சையும்

மாணவர்களே, ஜூலை மாதத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகும் சுற்றுப்பயணிகள் பலர் மெல்லிய கைச்சட்டையோடு வந்து இறங்குகிறார்கள். கோடைக்காலம், கலிஃபோர்னியா, கடற்கரை என்றால் வெயில் கொளுத்தும் என்பது அவர்கள் எண்ணம். சற்று நேரத்தில் குளிர் தாங்காமல் கடைக்குப் போய்க் கம்பளிச் சட்டை வாங்குகிறார்கள். அந்நகரில் ஜூலை மாதப் பகலின் உச்ச வெப்பநிலை சராசரியாக 19 டிகிரி செல்சியஸ்தான். நம் பள்ளிகளில் உள்ள குளிரூட்டப்பட்ட கணினி அறைகூட அவ்வளவு குளிராக இருக்காது.

அதே ஜூலையில் சேக்ரமெண்டோ நகரில் பகல் வெப்பநிலை 33 டிகிரியைத் தாண்டுகிறது. இரு நகரங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரம். கோலாலம்பூருக்கும் மலாக்காவுக்கும் உள்ள தூரம்தான் அது. உயரமான மலை ஏறாமல், வேறு கண்டத்துக்குப் போகாமல், அந்தத் தூரத்துக்குள் 14 டிகிரி வேறுபாடு!

உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவும் அதற்கு வடக்கே உள்ள சொனோமா மாவட்டமும் வடக்கு அட்சரேகை 38 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. அதே கோட்டில் கிரேக்கத்தின் ஏதென்ஸ் இருக்கிறது. இத்தாலியின் சிசிலித் தீவும் இருக்கிறது. இரண்டும் கோடையில் நன்றாகக் காயும் இடங்கள். ஆனால் சொனோமாவின் கரையோரத்தில் செழித்து வளர்வது பினோ நுவார் என்னும் திராட்சை வகை. அதன் தாயகமான பிரான்ஸின் பர்கண்டி வட்டாரம் 47 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஓர் அட்சரேகை டிகிரி என்பது தரையில் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அப்படியானால் குளிர்நாட்டுக் கொடி ஒன்று ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே வந்தும் வாடாமல் வளர்கிறது. இது எப்படி?

ஒயின் பெரியவர்களுக்கான மதுபானம். அதன் சுவை பற்றி இங்கே பேச்சில்லை. ஆனால் ஒயினுக்கான திராட்சையை வளர்ப்பவர்களைப்போல் வானிலையை உற்றுக் கவனிக்கும் விவசாயிகள் குறைவு. ஒன்றிரண்டு டிகிரி வேறுபாட்டில் அவர்களுடைய ஆண்டு வருமானமே மாறிவிடும். ஆகவே காற்று, கடல், வெப்பம் பற்றிய பாடத்தை அவர்களுடைய தோட்டத்தில் நின்று படிப்பது வசதியாக இருக்கிறது.

கடல் ஏன் இவ்வளவு குளிர்?

கோடைக்காலத்தில் பசிபிக் பெருங்கடலின் வடபகுதியில் பெரிய உயர் அழுத்த மண்டலம் ஒன்று நிலைகொள்கிறது. அதன் கிழக்கு விளிம்பிலிருந்து கலிஃபோர்னியக் கரையை ஒட்டி, வடமேற்கிலிருந்து தெற்கு நோக்கிக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். காற்று கடலின் மேற்பரப்பு நீரைத் தள்ளும் அல்லவா? நீர் காற்றின் திசையிலேயே போகும் என்றுதான் நினைப்போம். ஆனால் பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் நகரும் பொருள்கள் வலப்பக்கமாக விலகுகின்றன. இதற்குக் கொரியோலிஸ் விளைவு என்று பெயர்.

எழுந்து தெற்கு நோக்கி நில்லுங்கள். உங்கள் வலக்கை எந்தப் பக்கம்? மேற்கு. கலிஃபோர்னியாவில் மேற்கு என்றால் ஆழ்கடல். ஆக, மேற்பரப்பு நீர் கரையைவிட்டு விலகிக் கடலுக்குள் போகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, ஆழத்தில் இருந்த குளிர்ந்த நீர் மேலே வருகிறது. இப்படி ஆழ்நீர் மேலெழுவதால், வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களிலும் சொனோமா கரையோரக் கடல்நீர் 12, 13 டிகிரி அளவிலேயே இருக்கிறது. ஆழத்திலிருந்து ஊட்டச்சத்துகளும் சேர்ந்து மேலே வருவதால் மிதவை உயிர்கள் பெருகி, மீன்களும் திமிங்கிலங்களும் அங்கே கூடுகின்றன. அது தனிக் கதை.

(நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் வாழ்கிறோம். இங்கே கொரியோலிஸ் விளைவு மிகவும் பலவீனமானது.)

இந்தக் குளிர்ந்த நீரின் மேல் பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று வருகிறது. அடியிலிருந்து குளிர்ந்து, பனிநிலையை எட்டுகிறது. அதாவது, அதற்குமேல் நீராவியைத் தாங்க முடியாத நிலைக்கு வருகிறது. நீராவி நுண்துளிகளாகி மூடுபனியாகிறது. குளிர்பானக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதற்கும் இதே காரணம்தான்.

வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். இங்கே அது தலைகீழ். உயர் அழுத்த மண்டலத்தில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகிறது. அதனால் கீழே குளிர்ந்த, ஈரமான, மூடுபனி நிறைந்த அடுக்கு. அதன் மேலே வெதுவெதுப்பான, உலர்ந்த அடுக்கு. கனமான குளிர்காற்று மேலே எழ முடியாமல் பானைக்குள் அடைபட்டதுபோல் கிடக்கிறது. மேலடுக்கு அதற்கு மூடி.

மலையில் ஒரு திறப்பு

கடல் குளிராக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் குளிர் தோட்டத்துக்கு வந்து சேர வேண்டும். கலிஃபோர்னியக் கரை நெடுகிலும் கடலோர மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. சுவருக்கு அப்பால் உள்ளது மத்தியப் பள்ளத்தாக்கு. அது பகலில் அடுப்பாகக் காய்கிறது. சூடான காற்று மேலெழ, அங்கே அழுத்தம் குறைகிறது. கடலின் மேல் அழுத்தம் அதிகம். எனவே பிற்பகலில் கடற்காற்று உள்நாட்டை நோக்கிப் பாயத் துடிக்கிறது. எங்கே வழி கிடைக்கும்?

சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் நிற்கும் நீர்வழி ஒரு திறப்பு. வடக்கே பொடேகா விரிகுடாவிலிருந்து பெட்டலூமா நகர் வழியாகச் சான் பாப்லோ விரிகுடாவரை மலைகள் தாழ்ந்து கிடக்கும் பகுதி இன்னொன்று. அதற்குப் பெட்டலூமா இடைவெளி என்று பெயர். இன்னும் வடக்கே, ரஷ்யன் ரிவர் என்னும் ஆறு மலையை அறுத்துக்கொண்டு கடலில் கலக்கும் பள்ளத்தாக்கு. (கலிஃபோர்னியாவில் ரஷ்யப் பெயர் எப்படி வந்தது? 1812ஆம் ஆண்டில் ரஷ்யர்கள் இந்தக் கரையில் ஃபோர்ட் ராஸ் என்னும் கோட்டையைக் கட்டி, 1841 வரை இருந்தார்கள்.)

மாலையில் இந்தத் திறப்புகள் வழியாக மூடுபனி உள்ளே வரும். இரவு முழுதும் பள்ளத்தாக்கில் தங்கும். மறுநாள் காலை வெயில் ஏற ஏறக் கலையும். சில மணி நேரம் நல்ல வெயில். பிற்பகலில் மறுபடி காற்று. கோடை முழுதும் ஏறத்தாழ இதே நாடகம்தான்; மழை அநேகமாக இல்லை.

அமெரிக்காவில் திராட்சை விளையும் இடங்களுக்கு, நில அமைப்பையும் காலநிலையையும் ஆராய்ந்து, மத்திய அரசு எல்லை வகுத்துத் தனி வட்டாரங்களாக அங்கீகரிக்கிறது. பெட்டலூமா இடைவெளி 2017 இறுதியில் அப்படி அங்கீகாரம் பெற்றது. மண்ணைவிடக் காற்றையே முதன்மை அடையாளமாகக் காட்டிப் பெற்ற அங்கீகாரம் என்பது அதன் சிறப்பு. பிற்பகலில் காற்றின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டும்போது கொடி தன் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்கிறது. நீர் இழப்பைத் தடுக்க அது செய்யும் தற்காப்பு. ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, ஒளிச்சேர்க்கை மந்தமாகும். அதனால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, சிறிதாகவும் தோல் தடித்தும் இருக்கிறது.

கடலுக்கு அருகில் என்றால் அதிகக் குளிர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபோர்ட் ராஸ்-சீவியூ என்னும் வட்டாரம் கடலைப் பார்த்தபடி மலை முகட்டில் இருக்கிறது. அங்குள்ள தோட்டங்கள் பெரும்பாலும் 280 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. அதாவது, மூடுபனியின் மூடிக்கு மேலே! கீழே வெள்ளைக் கம்பளம் விரித்ததுபோல் பனி கிடக்க, மேலே கொடிகள் வெயில் காய்கின்றன. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்த முகடு, அதைவிட உள்ளே தள்ளியிருக்கும் சில பள்ளத்தாக்குகளைவிடப் பகலில் வெப்பமானது. 1987ல் வகுக்கப்பட்ட சொனோமா கரை வட்டாரம் இத்தகைய முகடுகளையும் கடலைப் பார்க்காத உள்பகுதிகளையும் ஒரே பெயருக்குள் அடைத்திருந்தது. அது அறிவியலுக்குப் பொருந்தாத எல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறகு 2012ல் ஃபோர்ட் ராஸ்-சீவியூவும் 2022ல் மேற்குச் சொனோமா கரையும் தனித்தனி வட்டாரங்களாயின.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் கோல்ட்ரிட்ஜ் எனப்படும் மணல் கலந்த வண்டல் மண் இருக்கிறது. சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அது ஆழமற்ற கடலின் அடித்தளம். நீர் தேங்காது என்பதால் கொடியின் வேருக்கு நல்லது.

பழத்துக்குள் நடப்பது

பச்சைத் திராட்சைக் காய் மிகவும் புளிக்கும். அதில் மாலிக் அமிலம் நிறைய உண்டு. பச்சை ஆப்பிளின் புளிப்பும் அதே அமிலம்தான். பழுக்கத் தொடங்கியதும் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. இலைகள் தயாரித்த சர்க்கரை பழத்துக்கு வந்து சேர்கிறது. பழத்தின் செல்கள் சுவாசிக்கும்போது மாலிக் அமிலம் செலவாகிறது. சுவாச வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பமான இடத்தில் இரவும் பகலும் அமிலம் விரைவாகக் கரைந்து, பழம் வெறும் இனிப்பாகிவிடும். மூடுபனி தங்கும் பள்ளத்தாக்கில் இரவு வெப்பநிலை 10, 12 டிகிரிக்கு இறங்கும், சுவாசம் அடங்கும், அமிலம் மிஞ்சும். பகல் வெயிலில் சேர்ந்த சர்க்கரையும் இரவுக் குளிரில் காக்கப்பட்ட புளிப்பும் ஒரே பழத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் விவசாயிகள் இந்தக் குளிர்ந்த கரையைத் தேடி வந்தார்கள்.

இதற்கு விலையும் கொடுக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் கொடி பூக்கும்போது குளிரும் சாரலும் வந்தால் பூக்கள் காயாகாமல் உதிரும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கையால் கிள்ளிக் காற்றோட்டம் உண்டாக்குகிறார்கள். சில ஆண்டுகளில் பழம் முழுதாகப் பழுப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

வெப்பத்தைக் கூட்டிப் பார்ப்போம்

ஓர் இடம் எந்தத் திராட்சைக்கு ஏற்றது என்று எப்படிச் சொல்வது? கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேனார்ட் அமரின், ஆல்பர்ட் விங்க்ளர் இருவரும் 1944ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். 10 டிகிரிக்குக் கீழே திராட்சைக்கொடி அநேகமாக வளர்வதில்லை. எனவே ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 10ஐக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதே அந்த நாளில் கொடிக்குப் பயன்படும் வெப்பம். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரையிலான 214 நாள்களுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால் வருவது 'டிகிரி நாள்'.

நாமும் செய்து பார்ப்போம். ஒரு தோட்டத்தில் பகல் உச்சம் சராசரியாக 22, இரவுத் தாழ்வு 10 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 16. பத்தைக் கழித்தால் 6. அதை 214ஆல் பெருக்கினால் 1,284. கூட்டுத்தொகை 1,389க்குள் இருந்தால் முதல் மண்டலம், அதாவது மிகக் குளிர்ந்தது. பிறகு ஒவ்வொரு 278 டிகிரி நாளுக்கும் ஒரு மண்டலம் உயரும். 2,222ஐத் தாண்டினால் ஐந்தாவது, மிக வெப்பமான மண்டலம். பினோ நுவார் முதல் மண்டலத்துக்கு ஏற்றது. மத்தியப் பள்ளத்தாக்கின் ஃபிரெஸ்னோ ஐந்தாவது.

கோலாலம்பூருக்கும் கணக்கிடுங்கள். பகல் 32, இரவு 24 என்று கொண்டால் சராசரி 28. பயன்படும் வெப்பம் 18. 18ஐ 214ஆல் பெருக்க 3,852. அளவுகோலிலேயே இடமில்லை! போதாக்குறைக்கு, குளிர்காலம் இல்லாததால் நம் ஊரில் கொடி இலை உதிர்த்து உறங்கவும் வழியில்லை.

எளிய கணக்கு. ஆனால் சராசரியை அப்படியே நம்பலாமா? ஓர் இடத்தில் பகல் 30, இரவு 4. இன்னோர் இடத்தில் பகல் 20, இரவு 14. இரண்டுக்கும் சராசரி 17. டிகிரி நாளும் ஒன்றே. ஆனால் முதல் இடத்துக் கொடி பகலில் வேகமாக உழைத்து இரவில் நன்றாக உறங்கும். இரண்டாம் இடத்தில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வேறுபாடே இல்லை. பழமும் ஒன்றாக இருக்காது. சராசரி எதைக் காட்டுகிறது என்பதோடு எதை மறைக்கிறது என்றும் கேட்க வேண்டும். கணிதத் தேர்வில் சராசரியைக் கண்டுபிடித்ததும் கோடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

உறைபனியும் மீன்குஞ்சுகளும்

இளவேனிலில் புதுத்துளிர் விடும் நேரத்தில் தெளிந்த இரவுகளில் உறைபனி விழலாம். துளிர் கருகினால் அந்த ஆண்டு விளைச்சல் போயிற்று. இதைத் தடுக்க விவசாயிகள் செய்வது முதலில் கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். துளிர்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள்! தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆகும்போது ஒவ்வொரு கிராமும் 334 ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. இயற்பியல் பாடத்தில் வரும் உள்ளுறை வெப்பம்தான் இது. நீர் தொடர்ந்து தெளித்து, தொடர்ந்து உறைந்துகொண்டிருக்கும்வரை துளிரின் வெப்பநிலை 0 டிகிரியை விட்டு இறங்காது. துளிருக்குச் சேதம் வருவது அதற்கும் ஓரிரு டிகிரி கீழேதான். ஆனால் பாதியில் நிறுத்தினால் நிலைமை முன்பைவிட மோசமாகிவிடும்.

2008 ஏப்ரலில் உறைபனி இரவுகள் அடுத்தடுத்து வந்தன. தோட்டக்காரர்கள் பலர் ஒரே நேரத்தில் ரஷ்யன் ரிவரிலிருந்தும் அதன் கிளை ஓடைகளிலிருந்தும் நீர் இறைத்தார்கள். நீர்மட்டம் சட்டென இறங்கியது. ஃபெல்டா ஓடையிலும் பேராற்றின் மேல்பகுதியிலும் சாமன் இன மீன்குஞ்சுகள் நீரின்றிக் கரையில் சிக்கி மடிந்தன. அவை ஏற்கெனவே அழியும் ஆபத்தில் இருந்த, சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனங்கள். 2011ல் மாநில நீர்வள வாரியம், உறைபனி இரவுகளில் நீர் இறைப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. விவசாயிகள் தரப்பு வழக்குப் போட்டது. 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. விவசாயிகளின் அச்சமும் பொய்யில்லை, ஓர் இரவில் ஓராண்டு உழைப்பு போய்விடும். இன்று பலர் முன்கூட்டியே குளங்களில் நீரைச் சேமிக்கிறார்கள். சிலர் உயரமான கம்பத்தில் பெரிய விசிறியை வைத்து, மேலடுக்கில் உள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே இழுக்கிறார்கள். தலைகீழ் வெப்ப அடுக்கு இங்கே உதவிக்கு வருகிறது.

காற்று நின்றால்?

இந்தக் கரையின் குளிர் அட்சரேகை தந்ததில்லை, காற்றும் கடலும் சேர்ந்து தினமும் தயாரித்து அனுப்புவது. எனவே அனுப்புவது நின்றால் உடனே தெரிந்துவிடும். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி கடற்காற்று ஓய்ந்து, உள்நாட்டின் வெப்பம் கரைக்கு வந்தது. ஜூலையில் 19 டிகிரிக்கு நடுங்கும் அதே சான் ஃபிரான்சிஸ்கோவில் அன்று 41 டிகிரி! அந்நகரில் பதிவானதிலேயே அதுதான் அதிகம். 2020ல் வந்தது வேறு வகைத் தொல்லை. காட்டுத்தீயின் புகை வாரக்கணக்கில் பள்ளத்தாக்குகளில் தேங்கியது. புகைமூட்டம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புகையில் உள்ள வேதிப்பொருள்கள் பழத்துக்குள் போய்ச் சர்க்கரையோடு பிணைந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. பல தோட்டங்களில் அவ்வாண்டு பழத்தைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிட்டார்கள்.

மூடுபனியின் எதிர்காலம் பற்றி அறிவியலாளர்களிடையே இரண்டு சிந்தனைகள் உள்ளன. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஜான்ஸ்டன், டாட் டாசன் இருவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வின்படி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிடும்போது வட கலிஃபோர்னியக் கரையில் கோடை மூடுபனி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அவர்களுடைய முதன்மைக் கவலை திராட்சை பற்றியதன்று. மழையில்லாத கோடையில் மூடுபனியின் ஈரத்தைக் குடித்து வாழும், உலகிலேயே உயரமான செம்மரங்களைப் பற்றியது.

ஆண்ட்ரூ பாக்குன் என்னும் கடலியலாளர் 1990ல் சொன்னது வேறு. பூமி வெப்பமடையும்போது நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகும். அப்போது நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு கூடும், கரையோரக் காற்று வலுக்கும், ஆழ்நீர் இன்னும் அதிகமாக மேலெழும் என்றார் அவர். அப்படியானால் உலகம் சூடாகச் சூடாக இந்தக் கரை மட்டும் குளிர்ச்சியைக் காத்துக்கொள்ளலாம். இந்த விவாதம் இன்னும் தொடர்கிறது. கடலில் மிதக்கும் அளவைக் கருவிகளின் பதிவுகளை வைத்து இரு தரப்பும் சோதித்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கணக்கேட்டுக்கு இப்போது ஒரு வேலை. முதலில் நாம் பார்த்த 22, 10 டிகிரித் தோட்டத்தில் பகலும் இரவும் ஒவ்வொரு டிகிரி மட்டும் கூடினால் என்ன ஆகும்? சராசரி 17. டிகிரி நாள் 1,498. தோட்டம் முதல் மண்டலத்திலிருந்து இரண்டாம் மண்டலத்துக்குப் போய்விட்டது. இனி, பகல் 22லேயே நின்று இரவு மட்டும் 12 ஆனால்? கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு, மாலிக் அமிலத்துக்கு அந்த இரவு என்ன செய்திருக்கும் என்றும் எழுதுங்கள்.